எட்டாவது கயிறு

ஐந்தாம் நாள், வியாழன்

விடுமுறையின் முதல் நான்கு நாட்களில் என் மனைவி ஹிலரி வரைபடத்தைத் தொடவே இல்லை. வரைபடம் என் இலாகா. முப்பத்தாறு ஆண்டுகள் மாவட்டச் சாலைகளை அளந்தவன் நான். எந்த ஊரில் எத்தனை மணிக்குத் தேநீர், எந்தக் குன்றின் மேல் எத்தனை நிமிடம் நிற்பது என்று புறப்படும் முன்பே பென்சிலால் குறித்து வைத்திருந்தேன்.

ஐந்தாம் நாள் காலையில், பண்ணை வீட்டுச் சாப்பாட்டு மேசையில், முட்டைத் தட்டை ஒதுக்கிவிட்டு அவளே வரைபடத்தை விரித்தாள். ஹெர்ஃபோர்ட்ஷயரின் ஒரு மடிப்பில், ஆப்பிள் தோட்டங்களுக்கு நடுவே, ஈ உட்கார்ந்தால் மறைந்துபோகிற ஓர் ஊரின் மேல் விரலை வைத்தாள்.

"இங்க போலாம் கிளெம். சனிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் இருக்கலாம்."

லிட்டில் ஆர்க்கம். என் பென்சில் அந்தப் பக்கம் போனதே இல்லை.

தொடர்ந்து படித்து வருகிறவர்களுக்கு முந்தைய மாலை நடந்தது மறந்திருக்காது. தேநீர் வேளையில் அவள் கைபேசி ஒலித்தது. திரையில் 'டெஸ்மண்ட்' என்று ஒரு பெயர். எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனாள். இருபத்திரண்டு நிமிடம் பேசினாள். திரும்பி வரும்போது கன்னம் சிவந்திருந்தது. "பழைய சிநேகிதன். ஈனிட் சித்தி ஊர்க்காரன்," என்றாள். அதற்குமேல் நான் கேட்கவில்லை. எங்கள் தோர்லி வீட்டு ஆண்கள் மனைவிக்கு வரும் அழைப்பைப் பற்றி விசாரிப்பதில்லை. அதற்காக அன்று தூங்கினேன் என்று அர்த்தமில்லை.

"சனிக்கிழமை லட்லோவில கெர்வேஸ் வீட்டு விருந்து," என்றேன். "தோர்லிகள் எல்லாரும் வர்றாங்க. ஒப்புக்கிட்டாச்சு."

"நீ ஒப்புக்கிட்ட."

"குடும்பத்துக்கு மூத்தவன் அவன். போகலைன்னா என்ன நினைப்பான்?"

"ரெண்டு தட்டு மிச்சம்னு நினைப்பான்."

பண்ணைக்காரி மிஸஸ் பவல் தேநீர்க் குடுவையோடு வந்தார். "எந்த ஊருக்குக் கண்ணு?" என்று என்னைக் கேட்டார். அறுபத்தொன்பது வயதில் என்னைக் கண்ணு என்று கூப்பிட்டவர் அவர் ஒருவர்தான். அந்தப் பண்ணையில் தபால்காரரும் கண்ணு, பன்றியும் கண்ணு.

"லிட்டில் ஆர்க்கம்," என்றாள் ஹிலரி.

"அட, டெஸ்மண்ட் ப்ரைஸ் ஊராச்சே! எழுபதைத் தாண்டியும் மனுஷன் ராஜா மாதிரி இருக்காரு. பொண்டாட்டி போயி மூணு வருஷமாச்சு. பாவம், ஒத்தையா கெடக்காரு."

நான் ரொட்டியைக் கீழே வைத்தேன்.

"அந்த ஊர்ல அப்படி என்ன இருக்கு?" என்று மனைவியைக் கேட்டேன்.

"ஒரு தேவாலயம். ஒரு விடுதி. ஈனிட் சித்தி கல்லறை."

"அவ்வளவுதானா?"

"டெஸ்மண்டும் இருக்கான்," என்றாள், ரொட்டிக்கு ஆரஞ்சுப் பாகு தடவியபடி. மறைக்கவும் இல்லை, விளக்கவும் இல்லை. மறைத்திருந்தால்கூடத் தேவலை, மறைக்கிற அளவுக்கு ஏதோ இருக்கிறது என்று நிச்சயமாகக் கோபப்பட்டிருக்கலாம்.

"ஒரு பகல்," என்றேன். "சாயங்காலம் கிளம்பிடணும்."

"பார்ப்போம்."

மாடிக்குப் போய்த் தயாராகி வந்தாள். கழுத்தில் நீலப் பட்டுத் துணி. முப்பதாவது திருமண நாளுக்கு நான் வாங்கிக் கொடுத்தது. கழுத்தை உறுத்துகிறது என்று சொல்லிப் பதின்மூன்று வருடம் அலமாரியில் வைத்திருந்தாள். அன்று காலை உறுத்தவில்லை போலிருக்கிறது.

*

லிட்டில் ஆர்க்கத்துக்குப் போகும் சந்து ஒரு வண்டி அகலம். இரண்டு பக்கமும் ஆளுயர வேலி, மே மாதத்து வெள்ளைப் பூ மூடி நின்றது. நூறு, நூற்றைம்பது மீட்டருக்கு ஓர் ஒதுங்கிடம். எதிரே வண்டி வந்தால் யாருக்கு ஒதுங்கிடம் அருகில் இருக்கிறதோ அவர் பின்னுக்குப் போக வேண்டும். இதைவிட நல்ல விதி இந்த நாட்டில் இல்லை. என் காலத்தில் அதற்காக நூற்றுக்கணக்கான பலகைகளை நட்டிருக்கிறேன்.

ஒரு வளைவில் சேறு படிந்த பழைய ஜீப் ஒன்று எதிரே வந்து நின்றது.

எனக்குப் பின்னால் ஒதுங்கிடம் இருபது மீட்டரில். அவருக்குப் பின்னால் நூறுக்குக் குறையாது. அளந்த கண், தப்பாது.

நான் எஞ்சினை அணைத்தேன்.

"கிளெம், இடம் நம்ம பக்கம்தான் இருக்கு. பின்னாடி எடு."

"கழுத்து வலிக்குது."

"காலையில வலிக்கலையே?"

"இப்ப வலிக்குது."

காலை முழுவதும் யாருக்கோ விட்டுக்கொடுத்துக்கொண்டே வந்தவனுக்கு அந்த இருபது மீட்டரையும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. ஜீப்காரர் ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு ஒற்றைக் கையால் ஸ்டியரிங் சக்கரத்தைப் பிடித்து, நூறு மீட்டரும் ஒரு தடுமாற்றம் இல்லாமல் பின்னுக்கே ஓட்டிக்கொண்டு போனார். இலைகூட உரசவில்லை.

அவரைக் கடக்கும்போது, அந்தப் பக்கத்து வழக்கப்படி, சக்கரத்திலிருந்து ஒரு விரலை மட்டும் உயர்த்தினார். பதிலுக்கு நானும் உயர்த்தத்தான் வேண்டும். உயர்த்தினேன். அப்போது அவர் பார்வை என்னைத் தாண்டிப் போனது.

"ஹில்! அடி, ஹில் மேபட்!"

மேபட் என்பது அவள் பிறந்த வீட்டுப் பெயர். நாற்பத்து மூன்று வருடமாக அவள் தோர்லி.

"டெஸ்மண்ட்!" என்று என் மனைவி என் மடிக்கு மேலாகச் சன்னலுக்குச் சாய்ந்தாள். வெள்ளை முடி, ஒருகாலத்தில் உடைந்து கோணலாகச் சேர்ந்த மூக்கு, சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்ட ஒரு மனிதன். மிஸஸ் பவல் மிகைப்படுத்தவில்லை.

"இவருதான் மிஸ்டர் தோர்லியா? வணக்கம் சார். பின்னாடி எடுக்கச் சிரமம்னு பார்த்தாலே தெரிஞ்சுது. இந்தச் சந்து வெளியூர்க்காரங்களுக்குக் கஷ்டம்தான்."

வெளியூர்க்காரன். முப்பத்தாறு ஆண்டு.

*

விடுதியில் மதிய உணவு. டெஸ்மண்ட் ப்ரைஸ் எங்களோடு உட்கார்ந்தார்; உட்காரச் சொன்னது யார் என்று எனக்கு நினைவில்லை, நான் இல்லை. பணிப்பெண்ணிடம், "அந்தம்மாவுக்குப் பாலாடைக்கட்டி, ரொட்டி. ஊறுகாய் வெங்காயம் வேண்டாம். வெங்காயத்தைப் பார்த்தாலே மூஞ்சியைச் சுளிப்பா," என்று கேட்காமலே சொன்னார்.

நாற்பத்து மூன்று வருடமாக, ஒவ்வொரு விடுதியிலும், என் தட்டிலிருந்த ஊறுகாய் வெங்காயத்தை அன்போடு அவள் தட்டுக்கு மாற்றி வந்திருக்கிறேன். அவளும் சாப்பிட்டு வந்திருக்கிறாள்.

"இப்பல்லாம் சாப்பிடுறேன் டெஸ்மண்ட்," என்றாள் அவள், என்னைப் பார்க்காமல்.

"அப்படியா? காலம் ஆளை மாத்திடுது," என்று சிரித்தார் அவர். "கூண்டைப் பார்க்க வேணாமா ஹில்? நீ போனப்புறம் அங்க எதுவுமே மாறல."

கூண்டு என்றால் தேவாலயத்தின் மணிக்கூண்டு. அந்தச் சொல்லைக் கேட்டதும் அவள் தட்டில் பாதி ரொட்டியை அப்படியே விட்டு எழுந்தாள்.

ஐம்பத்து மூன்று படி. சுழல் படிக்கட்டு. அவள் எனக்கு முன்னால், விளக்கில்லாத இடத்திலும் கால் தடுக்காமல், சிறு பெண்போல ஏறினாள். மேலே ஒரு சதுர அறை. கூரையில் எட்டுத் துளை, எட்டுக் கயிறு. ஒவ்வொன்றிலும் கைப்பிடிக்கும் இடத்தில் சிவப்பும் வெள்ளையுமாகத் தடித்த கம்பளி சுற்றியிருந்தது. கதவருகில் ஓர் அட்டை: 'மணிகள் நிமிர்ந்து நிற்கின்றன. கயிற்றைத் தொடாதீர்.'

"சாயங்காலம் பழகுறதுக்கு எட்டையும் வாய் மேல பார்க்க நிறுத்தி வச்சிருக்கேன் சார்," என்றார் டெஸ்மண்ட். "முட்டை நுனியில நிக்கிற மாதிரி நிக்குது. லேசா இழுத்தாப் போதும், முக்கால் டன் கவிழும். எதையும் தொட்டுடாதீங்க."

"பலகை படிக்க எனக்குத் தெரியும்."

ஹிலரி முதல் கயிற்றினடியில் குனிந்திருந்தாள். அங்கே ஒரு சின்ன மரப்பெட்டி. குள்ளமானவர்கள் கயிற்றை எட்டுவதற்கு ஏறி நிற்கிற பெட்டி. பக்கவாட்டில் உளியால் செதுக்கிய இரண்டு எழுத்து: ஹி. மே.

"இன்னும் வச்சிருக்கியா?"

"நான் செஞ்ச பெட்டிதானே. தூக்கிப் போடுவேனா?"

அவள் அதன்மேல் ஏறி நின்றாள். சிரித்தாள். நான் கேட்டிராத சிரிப்பு. வீட்டில் ஒரு பூட்டிய அறை இருப்பது இத்தனை வருடம் கழித்துத் தெரிந்தால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது.

"நீ மணி அடிச்சியா?" என்று கேட்டேன்.

"பதினாலு வயசுலருந்து. ஒவ்வொரு சனிக்கிழமையும் சித்தி வீட்டுக்கு வந்தது இதுக்குத்தான்."

"என்கிட்ட சொன்னதில்லையே."

அவள் பெட்டியிலிருந்து இறங்கினாள். "சித்தி கல்லறையைப் பார்த்துட்டு வரலாம் வா."

"நீங்க போங்க. எனக்கு மூச்சு வாங்குது."

அவர்களுடைய குரல்கள் படிக்கட்டில் சுற்றிச் சுற்றி இறங்கின. முழங்கால் வலியைப் பற்றி அவர் ஏதோ சொல்ல, அவள் மறுபடியும் அதே சிரிப்பைச் சிரித்தாள்.

*

தனியாக நின்றபோதுதான் சுவரில் இருந்த பலகையைப் படித்தேன். கறுப்புப் பலகை, பொன் எழுத்து. எட்டு மணிகளையும், அடிக்கும் வரிசையை மாற்றிக்கொண்டே, ஒரே வரிசை இரண்டு முறை வராமல், ஒரு நொடி நிறுத்தாமல், ஐயாயிரத்து நாற்பது வரிசை அடித்து முடித்தவர்களின் பெயர்கள்.

1974, மே 11, சனிக்கிழமை. மூன்று மணி நேரம் இரண்டு நிமிடம்.

முதல் மணி: ஹிலரி மேபட்.

எட்டாவது மணி: டெஸ்மண்ட் ப்ரைஸ்.

மே 11. அந்தத் தேதியை என்னால் மறக்க முடியாது. வொர்செஸ்டரில் அவள் பெற்றோர் வீட்டுக்கு என்னை நான்கு மணிக்குத் தேநீருக்குக் கூப்பிட்டிருந்தார்கள். நான் சரியாக நான்குக்குப் போனேன். அவள் ஏழுக்கு வந்தாள். மூன்று மணி நேரம் அவளுடைய அப்பாவோடு ரோஜாச் செடியில் விழும் பேனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். ஓடி வந்தவளின் இரண்டு உள்ளங்கையும் தோல் உரிந்து சிவந்திருந்தது. என்ன ஆயிற்று என்று கேட்டேன். "தோட்ட வேலை," என்றாள்.

அந்தக் கையைப் பார்த்துத்தான், உழைக்கத் தயங்காத பெண் என்று நினைத்து, அன்றே என்னைக் கட்டிக்கொள்கிறாயா என்று கேட்டேன். அவள் சரி என்றாள். என் அம்மாவிடம் அந்தக் கைகளைப் பற்றிச் சொன்னேன். எங்கள் திருமணத்தில் சொன்னேன். மகள் ஃபிலிப்பாவின் திருமணத்தில் எழுந்து நின்று சொன்னேன். தோர்லி குடும்பத்தில் பிள்ளைகளுக்கெல்லாம் தெரிந்த கதை அது, ஹிலரியின் தோட்டக் கை.

அந்தக் கை டெஸ்மண்ட் ப்ரைஸுக்கு எதிரே நின்று மூன்று மணி நேரம் இரண்டு நிமிடம் கயிறு இழுத்த கை.

நான் எட்டாவது கயிற்றின் முன்னால் போய் நின்றேன். அவனுடைய கயிறு. அவன் இழுக்கிறதை என்னால் இழுக்க முடியாதா? அட்டையை இன்னொரு முறை படித்தேன். வாழ்நாளெல்லாம் பலகை நட்டவன் ஒரே பகலில் இரண்டாவது பலகையை மீறினேன்.

முதலில் லேசாக இழுத்தேன். ஒன்றும் ஆகவில்லை. அவ்வளவுதானா என்று தோன்றியது. பிறகு உடல் எடை முழுவதும் போட்டு இழுத்தேன்.

தலைக்கு மேல் எங்கேயோ ஒரு பெரிய மிருகம் புரண்டு படுத்ததுபோல ஒரு சத்தம். கயிறு என் கையில் இளகிக் கீழே வந்தது. அடுத்த கணம் மேலே ஓடத் தொடங்கியது.

விட்டிருக்க வேண்டும். ஆனால் எங்கள் வீட்டில் ஒரு பேச்சு உண்டு: தோர்லி பிடித்ததை விடமாட்டான். என் தாத்தா நில வழக்கில் விடவில்லை, அப்பா தேவாலயத்தின் முதல் வரிசை இருக்கையை விடவில்லை. நானும் விடவில்லை. என் கால்கள் தரையை விட்டன.

மணி இடித்தது. அந்தச் சத்தம் பல்லில் கேட்டது. கயிறு உள்ளங்கைகளுக்குள் நெருப்பாக ஓடியது. கைதான் என்னைக் கேட்காமல் திறந்துகொண்டது. விரிப்பின்மேல் விழுந்தேன். கயிறு தலைக்கு மேல் அடிபட்ட பாம்புபோலச் சுழன்று சுழன்று அடித்தது. மணி மறுபடி இடித்தது. மறுபடி.

"சுவரோரம் போ! உட்காரு! கையை நீட்டாத!"

ஹிலரி. ஐம்பத்து மூன்று படியை எப்படி ஏறினாள் என்று தெரியவில்லை. அந்தக் குரலில் அவள் என்னிடம் பேசியதில்லை. நானும் யாருக்கும் அப்படிக் கீழ்ப்படிந்ததில்லை.

அவள் கயிற்றின் முன் நின்று பார்த்தாள். அவசரப்படவில்லை. கயிறு மேலே போனது, வந்தது, போனது. மூன்றாவது முறை கம்பளிப் பிடி இறங்கும்போது இரண்டு கையாலும் பற்றினாள். உடம்பு முழுவதையும் அதனோடு அனுப்பினாள், திரும்ப வாங்கினாள். முரண்டு பிடித்த அந்த முக்கால் டன் அவள் பேச்சைக் கேட்க ஆரம்பித்தது. ஒவ்வொரு இழுப்புக்கும் வீச்சு குறைந்தது. நீலத் துணி தோளிலிருந்து நழுவி விழுந்ததை அவள் கவனிக்கவில்லை. முகத்தில் கோபம் இல்லை, பயம் இல்லை. எங்கோ தொலைவில் யாரோ சொல்வதைக் கேட்டுக்கொண்டிருப்பதுபோல ஒரு முகம்.

அவ்வளவு அழகாக அவளை நான் பார்த்ததில்லை. வாசலில் மூச்சிரைக்க வந்து நின்ற டெஸ்மண்ட் ப்ரைஸ் பார்த்திருக்கிறான் என்பது அவன் நின்ற விதத்திலேயே தெரிந்தது.

*

கடைசி மணி ஓய்ந்து நாங்கள் கீழே வந்தபோது கல்லறைத் தோட்டத்து வாசலில் ஊரே நின்றது. அந்த ஊரில் பெரிய மணி, அதாவது எட்டாவது மணி, தனியாக அடித்தால் சாவு. போனவரின் வயதில் ஆண்டுக்கு ஓர் அடி. இன்னும் கணக்கு வைக்கிறார்கள்.

"யாரு போனது டெஸ்மண்ட்?" என்று தபால் நிலைய மிஸ் டஃப்லி கேட்டார். கையில் ஒரு துண்டுக் காகிதம். "அம்பத்திரெண்டு எண்ணினேன். நம்ம ஊர்ல அம்பத்திரெண்டு வயசுல யாரும் படுத்த படுக்கையா இல்லையே?"

"பேக்கரி ராஜரா இருக்கும்னு நான் சொன்னேன்," என்றார் இன்னொருவர்.

"ராஜர் இதோ நிக்கிறான்டி!"

"எனக்கு நாப்பத்தொன்பதுதான்," என்றார் ராஜர், மனம் நொந்து.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கோட்டில் தூசி, கையில் ரத்தம். ஒரு தோர்லி இப்படி நின்றதில்லை.

"யாரும் சாகல," என்றார் டெஸ்மண்ட். "நான்தான் சாரைப் பிடிச்சுப் பார்க்கச் சொன்னேன். சரியாச் சொல்லிக் கொடுக்காம விட்டது என் தப்பு. எல்லாரும் வீட்டுக்குப் போங்க."

அவன் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். காப்பாற்றிவிட்டான். அதை எப்படித் தாங்குவது?

கூட்டம் கலைந்ததும் அவன் ஹிலரியிடம் திரும்பினான். "நேத்து போன்ல கேட்டதுதான் ஹில். சனிக்கிழமை மத்தியானம் பேத்தி கல்யாணம். முதல் மணி அடிக்கிற பொண்ணு கையை உடைச்சுக்கிட்டா. ஏழு பேரை வச்சு என்ன பண்றது? இப்பப் பார்த்தேனே, உன் கை ஒண்ணையும் மறக்கல."

அவள் என் பக்கம் திரும்பினாள். என்னைப் பார்த்தாள். கெஞ்சவில்லை. நாற்பத்து நான்கு வருடத்துக்கு முன் என் அம்மாவின் மேசையில் பார்த்த அதே பார்வை. அப்போது அது என்னவென்று எனக்குப் புரியவில்லை.

"சனிக்கிழமை லட்லோ," என்றேன்.

*

ஆனால் கிளம்ப முடியவில்லை. என் கையால் சக்கரத்தைப் பிடிக்க இயலாது. ஹிலரிக்கு ஓட்டத் தெரியும். ஓட்டமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். விடுதியில் மாடி அறை எடுத்தோம். சன்னலுக்கு நேரெதிரே மணிக்கூண்டு.

கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து என் கைகளுக்கு அவள் மருந்து தடவிக் கட்டுப் போட்டாள். இரண்டு உள்ளங்கையும் தோல் உரிந்து சிவந்திருந்தது.

"ஏன் சொல்லல?" என்றேன்.

"சொல்ல வந்தேன். ஈஸ்டர் ஞாயிறு. உங்க வீட்டுல முதல் விருந்து. வெளியில மணி அடிச்சுது. உங்கம்மா என்ன சொன்னாங்க, ஞாபகம் இருக்கா?"

இருந்தது. மணி அடிக்கிற கூட்டம் பிரார்த்தனைக்கு உள்ளே வருவதில்லை, அடித்து முடித்ததும் நேரே சாராயத்துக்குப் போய்விடும் என்றார் அம்மா.

"அது அம்மா பேச்சு."

"அதுக்கப்புறம் நீ ஒண்ணு சொன்ன."

நான் சொன்னதும் நினைவிருந்தது. நம் வீட்டுப் பெண் யாரும் அந்தக் கூட்டத்தில் கயிறு இழுத்து நின்றதில்லை என்று, அம்மாவைப் பார்த்துப் பெருமையாகச் சொன்னேன். ஹிலரி அப்போது முள்கரண்டியைக் கீழே வைத்தாள். ஆட்டிறைச்சி பிடிக்கவில்லை போலும் என்று நினைத்தேன்.

"கடைசியா ஒரே ஒரு தடவை, பலகையில ஏறுற மாதிரி அடிச்சுட்டு விட்டுடலாம்னு நினைச்சேன்," என்றாள். "அதான் மே பதினொண்ணு."

கைபேசி ஒலித்தது. ஆறு மணி. லீட்ஸிலிருந்து ஃபிலிப்பா. தினமும் அந்த நேரத்தில் முகம் பார்த்துப் பேசுவாள்.

"அப்பா, இன்னைக்கு எத்தனை மைல் அளந்தீங்க? ஐயோ, கையில என்ன கட்டு?"

ஹிலரி கைபேசியைப் பிடித்திருந்தாள். திரைக்குப் பின்னாலிருந்து என்னையே பார்த்தாள். நான் என் மகளிடம் பொய் சொன்னதில்லை.

"தோட்ட வேலை," என்றேன்.

"விடுமுறையிலயா? யார் தோட்டத்துல?"

கைபேசி ஆடியது. ஹிலரி சிரித்துக்கொண்டிருந்தாள். கூண்டில் கேட்ட அதே சிரிப்பு. இந்த முறை அது என்னால் வந்தது. அந்த ஒரு நிமிடம் டெஸ்மண்ட் ப்ரைஸ் இந்த உலகத்திலேயே இல்லை.

மகள் வைத்ததும், "கெர்வேஸுக்கு ஒரு செய்தி அனுப்பணும். நான் சொல்றேன், நீ எழுது," என்றேன்.

"சொல்லு."

"சனிக்கிழமை விருந்துக்கு வர இயலாது. என் மனைவி லிட்டில் ஆர்க்கத்தில் முதல் மணி அடிக்கிறாள். நான் கீழே நின்று கேட்க வேண்டும்."

அவள் விரல் நின்றது. "கெர்வேஸ் எல்லார்கிட்டயும் படிச்சுக் காட்டுவான்."

"காட்டட்டும்."

அனுப்பினாள். என் கட்டுப்போட்ட கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். அதோடு நான் வாயை மூடியிருக்க வேண்டும். ஆனால் பிடித்ததை விடாத வம்சம்.

"அன்னைக்கு மணி அடிச்சு முடிச்சதும், டெஸ்மண்ட் உன்னை ஏதாவது கேட்டானா?"

"கேட்டான்."

"நான் கேட்ட அதே கேள்வியா?"

"ஆமாம். உனக்கு ஒண்ணரை மணி நேரம் முன்னாடி."

"நீ என்ன சொன்ன?"

எழுந்து சன்னலருகே போனாள். எதிரே கூண்டின் சிறு சன்னலில் விளக்கு எரிந்தது. மணி அடித்துப் பழக வந்தவர்கள் ஒவ்வொருவராக உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள்.

"என்ன சொல்றது? பஸ்ஸுக்கு நேரமாச்சு. எங்க வீட்டுல நீ அப்பாகிட்ட ரோஜாப் பேனைப் பத்திப் பேசிக்கிட்டு உட்கார்ந்திருந்த. ஓடி வந்துட்டேன்." நீலத் துணியை எடுத்துக் கழுத்தில் சுற்றினாள். "அவனுக்கு நான் இன்னும் பதில் சொல்லல கிளெம். நாப்பத்து நாலு வருஷமாச்சு. கேட்ட மனுஷனுக்குப் பதில் சொல்லாம விட்டது மரியாதை இல்ல. சனிக்கிழமை அடிச்சு முடிச்சதும் சொல்லணும்."

"என்னன்னு?"

"அவன்கிட்டதான் முதல்ல சொல்லணும்."

படியிறங்கும் சத்தம் கேட்டது. சாலையைக் கடந்து, புல்லில் நடந்து, தாழ்ந்த கதவுக்குள் தலையைக் குனியாமலே நுழைந்தாள். அந்தக் கதவு அவள் உயரத்துக்குச் செய்தது.

சற்று நேரத்தில் எட்டு மணிகளும் உச்ச சுரத்திலிருந்து கீழ்ச் சுரத்துக்கு ஒவ்வொன்றாக இறங்கி வரத் தொடங்கின. எல்லாவற்றுக்கும் முதலில் விழுந்தது மெல்லிய, தெளிந்த ஒரு மணி, அது அவள். கடைசியில் விழுந்தது கனத்த ஒன்று, அது அவன். இருவருக்கும் இடையில் ஆறு மணிகள் இருந்தன. எரியும் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரிசையிலும் அந்த ஆறையும் எண்ணினேன். நேரம் போகப் போக வரிசை மாறியது. இடையில் ஐந்து. பிறகு நான்கு. பிறகு மூன்று.